குத்தகைப் பங்கு: நெல்லா, ரொக்கமா? உங்கள் வீட்டில் எப்படி?

கன்னடியன் கால்வாய்ப் பாசனம், சேரன்மகாதேவி பக்கம்:

அப்பாவுக்குப் பிறகு வயல் எங்கள் நாலு பேர் பெயருக்கும் வந்தது. இறங்கிப் பார்க்க ஆளில்லை. அதனால் பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவர் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார். அவரிடம் பேசி முடிப்பது சுலபம். எங்களுக்குள் பேசி முடிப்பதுதான் பெரும்பாடு.

சென்னைத் தம்பிக்கு ரொக்கம்தான் வேண்டும், அதுவும் நடவுக்கு முன்னாலேயே. வீரவநல்லூரில் வாக்கப்பட்ட மூத்த அக்காவுக்கு நெல் வேண்டும். "காசுன்னா உங்க அத்தான் பாக்கெட்டுக்குப் போயிரும். மூடையா வந்து எறங்குனா அது எனக்கு" என்பாள். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. கட்டிக் கொடுத்த பெண்கள் நெல்லாகக் கேட்பதற்கு ஊரில் பாதி இடத்தில் இதுதான் காரணம்.

நடுவில் ஒரு சித்தப்பா, "அவளுக்கு ஏது பங்கு?" என்று கிளப்பினார். 1989-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் உரிமை கொடுத்தாலும், அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. அவர் அதையே பிடித்துக்கொண்டார். 2005 மத்தியத் திருத்தம் அந்த வித்தியாசத்தை நீக்கிவிட்டது என்று வக்கீல் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

குத்தகைக்கார அண்ணாச்சி கேட்டது வேறு. வடகிழக்குப் பருவமழைக்கு நடுகிற போகம் பிசானம், அதற்கு முந்தைய போகம் கார். கட்டுக்குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவு; வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. "பிசானத்துக்குக் கட்டுக்குத்தகை போட்டுக்கோங்க. காருக்கு மட்டும் வாரம். தண்ணி வரலைன்னா ரெண்டு பேருக்கும் இல்ல." எனக்கு இது நியாயமாகவே பட்டது. கார் சாகுபடி முழுக்கத் தென்மேற்குப் பருவமழையையும் பாபநாசம் அணையையும் நம்பித்தான். மழை ஏமாற்றிய வருஷத்தில் நட்டவனிடம் போய் இத்தனை மூடை கொடு என்று நிற்க முடியுமா? தம்பி முகத்தைத் தூக்கிக்கொண்டான், அப்புறம் சரி என்றான்.

களத்தில் இன்னொரு கூத்து. அறுவடை இயந்திரம் தார்ப்பாயில் அம்பை 16 ரக நெல்லைக் கொட்டியதும் அளக்கலாம் என்றார் அண்ணாச்சி. அக்கா ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். நறுக்கென்று உடையவில்லை. "இன்னும் ரெண்டு வெயில் காயணும் அண்ணாச்சி. ஈர நெல்ல அளந்தா எனக்குத் தண்ணியும் சேர்ந்துல்லா வரும்." இப்போது பேச்சில் "காய்ந்த நெல்" என்று சேர்த்துச் சொல்கிறோம். வைக்கோல் முழுக்க அண்ணாச்சிக்கே. அதில் யாரும் வாய் வைக்கவில்லை.

ராதாபுரம் பக்கம்:

உங்களுக்கு ஆறு, எங்களுக்குக் காற்று. தொண்ணூறுகளில் காற்றாலைக்கு நிலத்தைக் கிரயமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார் தாத்தா. வந்த பணம் அத்தை கல்யாணத்தோடு சரி. ஆடி மாதம் அந்த இறக்கைகள் சுற்றுவதைப் பார்த்தால் எங்கள் வீட்டில் யாராவது ஒரு பெருமூச்சு விடாமல் இருக்க மாட்டார்கள்.

மிச்ச நிலத்துக்குச் சூரிய மின் தகடு போட ஆள் வந்தது. இந்தத் தடவை விற்கக் கூடாது, வருஷ வாடகை, சில வருஷத்துக்கு ஒரு முறை ஏற்றித் தர வேண்டும் என்று நாங்கள் சின்னவர்கள் எல்லாம் ஒரே பேச்சு. பெரியப்பா மட்டும், "எனக்கு எழுபது தாண்டியாச்சு. முப்பது வருஷ வாடகைய நான் எங்க இருந்துலே வாங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவர் பங்குக்கு மட்டும் சில வருஷப் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகத் தரச் சொல்லிப் பேசி, பதிவுப் பத்திரத்திலும் தனியாக எழுத வைத்தோம்.

குத்தகைக்குப் பயிர் வைக்கிறவன், தாமிரபரணிக் கரை:

எல்லாம் நிலத்துக்காரர் பேச்சாகவே போகிறதே, நானும் சொல்கிறேன். சட்டப்படி பார்த்தால் 1956 நியாயக் குத்தகைச் சட்டம், பின்னால் வந்த திருத்தத்தோடு சேர்த்து, விளைச்சலில் 25 சதவீதம்தான் நிலத்துக்கு, 75 பயிர் வைத்தவனுக்கு என்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் ஊரில் ஒருவரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. எழுத்தில் எதுவுமே இல்லாதபோது எதைக் காட்டிக் கேட்பது? எழுதிக் கொடுத்தால், குத்தகைக்காரனை வெளியேற்றாமல் காக்கிற 1955 சட்டத்தைக் காட்டி வெளியேற மாட்டான் என்று நிலத்துக்காரர்களுக்குப் பயம்.

எனக்கு நெல்லோ ரொக்கமோ பெரிய விஷயமில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பிசான நாற்றெல்லாம் மணலுக்கு அடியில் போனது. அரசு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. எந்த வயலில் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதி வைக்கிற அடங்கல் பதிவு நிலத்துக்காரர் பெயரில், பணமும் அவர் கணக்கில். என் முதலாளி நல்ல மனுஷர், அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். அடுத்த வயல்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் போட்டது அவன்தான். வருஷத்துக்கு 6,000 வருகிற மத்திய அரசுப் பணமும் நிலம் யார் பெயரிலோ அவர்களுக்குத்தான்.

முதலில் எழுதியவரிடம் ஒன்று கேட்கிறேன். காய்ந்த நெல்லா, ஈர நெல்லா என்பதுவரைக்கும் பேசி வைத்திருக்கிறீர்கள். வெள்ளம் வந்து நிவாரணம் வந்தால் அது யாருக்கு என்று உங்கள் அண்ணாச்சியிடம் பேசியாச்சா?