ப்ளூயிங் போன பழைய ராணுவ ரைபிள் பாகங்கள்: உங்களுக்கு எங்கே சொதப்பியது?

பழையஇரும்பு

ஜெர்மன் ராணுவ ரைபிளான மவுசர் கே98கேயின் ஃப்ளோர் பிளேட் (தோட்டாப் பெட்டியின் அடித்தகடு) ஒன்று. ப்ளூயிங், அதாவது துருவைத் தடுக்க இரும்பில் ஏற்றும் கருநீலப் பூச்சு, ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் மட்டும் மிச்சம். கோல்டு ப்ளூ (சூடாக்காமல் தடவிக் கறுப்பாக்கும் திரவம்) தடவின அரை நிமிடத்தில் கருகருவென்று வந்தது. மறுநாள் காலை எண்ணெய்த் துணியைப் பிரித்தால் தகட்டின் நட்டநடுவே பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. வரிகளை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

அசிட்டோனில் துடைத்த பிறகு கையுறை இல்லாமல் ஒரே ஒரு தடவை பிடித்ததற்கு இந்தத் தண்டனை. கோல்டு ப்ளூ இரும்பை ஆக்ஸைடாக மாற்றுவதில்லை. செம்பும் செலினியமும் சேர்ந்த படிவு மேலே ஒட்டிக்கொள்கிறது. வியர்வை உப்பு இருக்கிற இடத்தில் சரியாக ஒட்டாது. மிச்ச அமிலத்தைக் கழுவாமல் விட்டால் அடியிலேயே துரு கிளம்பும். திருகுத் தலை, சின்னக் கீறல், இதற்கு மேல் அதை நம்ப முடியாது. முழுத் தகட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

எண்ணெய்க்கிண்ணம்

ரஸ்ட் ப்ளூயிங்தான், அதாவது மெல்லத் துருப்பிடிக்கவைத்து, அந்தத் துருவைக் கொதிநீரில் கறுப்பாக்கும் முறை. எஸ்எம்எல்இ என்ற பிரிட்டிஷ் ரைபிளின் டிரிக்கர் கார்டில் (விசைக்காப்பு வளையம்) நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது வேகவைப்பில் தண்ணீர் மேல் வானவில் மாதிரி ஒரு படலம் மிதந்தது. பாகத்தை வெளியே எடுத்தால் முன் திருகுத் துளையிலிருந்து கீழே இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு, அந்த இடத்தில் மட்டும் கறுப்பே பிடிக்கவில்லை. நூறு வருட எண்ணெய் துளைக்குள் ஒளிந்திருந்து, கொதிநீர் பட்டதும் கசிந்திருக்கிறது. மேலே மட்டும் துடைத்தால் போதாது. சலவை சோடா கரைத்த நீரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து, துளைகளைக் குச்சியில் சுற்றிய துணியால் குடைந்து, திரும்பவும் கொதிக்கவைக்க வேண்டும்.

முறை இதுதான். பழைய ப்ளூயிங்கை எடுக்கச் சாதாரண வினிகரில் 20, 30 நிமிடம் ஊறவைத்தால் போதும். அதன்பின் உப்புத்தாள் 180, 240, 320. நீளவாக்கில் மட்டும், அடியில் ஒரு மரக்கட்டை வைத்து. விரலால் தேய்த்தால் விளிம்பு மழுங்கும், துளை வாய் குழிந்துவிடும். துருவை வரவைக்கும் கரைசலைப் பிழிந்த பஞ்சால் ஒரே இழுப்பு. தடவின இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள், திட்டுத் திட்டாகச் செம்பு ஏறும். ஈரத் துணியும் ஒரு பல்பும் வைத்த மரப்பெட்டிக்குள் 3 முதல் 12 மணி நேரம். நெருப்பு நிறத்தில் மெல்லிய பொடித் துரு படியும். சொட்டுச் சொட்டாக ஓடியிருந்தால் கரைசல் அதிகம் என்று அர்த்தம்.

அப்புறம் டிஸ்டில்டு வாட்டரில் 15 நிமிடம் கொதி. சிவப்புத் துரு கண் முன்னாலேயே கறுப்பு வெல்வெட் ஆகும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் புள்ளி விழும். 0000 ஸ்டீல் வுல்லால் (மிக நைசான இரும்பு நார்) மெல்லத் துடைத்தால் வெல்வெட் உதிர்ந்து அடியில் சாம்பல் நிறம் தெரியும். ஸ்டீல் வுல்லை வாங்கியபடியே போடாதீர்கள், துருப்பிடிக்காமல் இருக்க அதில் எண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். அசிட்டோனில் அலசிக் காயவைத்த பிறகுதான் தொட வேண்டும். முதல் சுற்றில் சாம்பல், நான்காவதில் கறுப்பு, ஆறிலிருந்து எட்டுக்குள் நிற்கலாம். கடைசியாக ஆப்பச்சோடா போட்ட நீரில் ஒரு கொதி, சூடு ஆறுமுன் எண்ணெய்க்குள் ஒரு ராத்திரி. பேரல் (துப்பாக்கிக் குழல்) என்றால் உள்ளே எண்ணெய் பூசி, இரு முனையிலும் கூம்பு மரக்கட்டையை இறுக அடித்து விடுங்கள்.

கரிமூக்கன்

கே98கே ரிசீவர், அதாவது பேரல் பொருந்துகிற உடல் பாகம். சூடான காஸ்டிக் உப்புத் தொட்டியில் பேரல் கறுப்பு, ரிசீவர் கத்தரிக்காய் நிறம். மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகு, அதனால் அப்படி. தொட்டிச் சூடு மிஞ்சினாலும் செந்நிறம் தட்டும். 140 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் காஸ்டிக்கில் தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் சொட்டுச் சொட்டாக, நீண்ட கைப்பிடிக் கரண்டியில். ஒரு குவளையை அப்படியே ஊற்றினால் எரிமலைதான்.

துருவிரோதி

மேலே எண்ணெய்க்கிண்ணம் எழுதினது வேலை சுத்தம், மறுக்கவில்லை. ஆனால் 180 உப்புத்தாளா? ராணுவ ரைபிளில் ஆய்வாளர் முத்திரை எவ்வளவு ஆழம் என்று பார்த்திருக்கிறீர்களா? நாலு இழுப்பில் போயே போய்விடும்.

கே98கே போல்ட் ஸ்டாப் ஒன்று, முழுக்கச் சிவப்புத் துரு. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து ஸ்டீல் வுல் போட்டதும் கறுப்புத் தூள் உதிர்ந்து, அடியிலிருந்து கழுகு முத்திரை முழுதாக எழுந்து வந்தது. ப்ளூயிங்கும் துருவும் ஒரே குடும்பம். சிவப்பு ஆக்ஸைடு கொதிநீரில் கறுப்பு ஆக்ஸைடாக மாறும், மிச்சமிருக்கும் பழைய பூச்சு அப்படியே நிற்கும். வினிகரோ துரு நீக்கியோ போட்டால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தொடங்கும் முன் அந்தப் பாகத்துக்கு ஆலையில் என்ன பூச்சு இருந்தது என்று பாருங்கள். ஜெர்மன் ஆலைகள் 1930களின் பிற்பகுதியில் துரு முறையை விட்டு உப்புத் தொட்டிக்கு மாறின, போர்க் கடைசியில் சில பாகங்களுக்கு சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சும் வந்தது. கே98கே போல்ட் (முன்னும் பின்னும் நகரும் பூட்டுத் தண்டு) பெரும்பாலும் பூச்சில்லாமல் வெள்ளி நிறமாகவே விடப்பட்டது. அதைக் கறுப்பாக்கி 'புதுப்பித்தேன்' என்று காட்டினால் சேகரிப்பவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். எல்லாப் பாகத்திலும் ஒரே எண் பொருந்துகிற ரைபிளில் தேய்ந்த ஓரம் குறையே இல்லை. எண் பொருந்தாத, ஏற்கனவே யாரோ பாலிஷ் சக்கரத்தில் போட்டுக் கெடுத்த பாகத்தில் உங்கள் 180 தாளை ஓட்டுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்.

டார்ச் காட்டி நீலம் வரவைக்கும் வீடியோக்களைப் பார்த்து ரிசீவரில் மட்டும் கை வைக்காதீர்கள். நீலம் வருகிற சூடு 300 டிகிரிக்குப் பக்கம், கொதிநீரோ 100தான். டார்ச்சுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. சூடு கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளே சாட்சி. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000க்கும் ராக் ஐலண்டில் 2,85,507க்கும் கீழே எண் உள்ள ரிசீவர்களைச் சுட வேண்டாம் என்று சொல்வதே, உலையில் சூடு மிஞ்சியவை அவற்றில் கலந்திருப்பதால்தான்.

பழையஇரும்பு

என் தகட்டில் எண்ணும் பொருந்தவில்லை, முத்திரையும் இல்லை. 180 ஓட்டலாம்தானே சார்?

துருவிரோதி

ஓட்டுங்கள். 240இலேயே நிறுத்துங்கள். ராணுவ வேலையில் கண்ணாடிப் பளபளப்பு கிடையாது.

பாஸ்பேட்பாண்டி

எல்லாரும் நீலத்திலேயே நிற்கிறீர்கள். அமெரிக்க எம்1 கேரண்ட் ரைபிளின் பாகங்கள் மாங்கனீஸ் பார்க்கரைசிங்குக்கு (பாஸ்பேட் பூச்சு ஏற்றும் சூடான தொட்டி) போன கதை. 15 நிமிடம் கழித்து எல்லாமே கரிச் சாம்பல் நிறம், கேஸ் சிலிண்டர் (பேரல் முனையில் வெடிவாயுவைப் பிடிக்கும் குழாய்) மட்டும் போனபடியே வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. போட்டதும் நுரை வரவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். அது ஸ்டெயின்லெஸ், பாஸ்பேட் அதைச் சீண்டாது. அதற்குச் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட்தான் வழி.

மற்றதற்கு: 80 முதல் 120 கிரிட் அலுமினியம் ஆக்ஸைடு பொடியைக் காற்றோடு பீய்ச்சி (பிளாஸ்ட்) சொரசொரப்பாக்கி, கை படாமல் நேரே தொட்டிக்கு. பாலிஷ் செய்த இரும்பில் பாஸ்பேட் திட்டாகத்தான் பிடிக்கும். பாத்திரம் ஸ்டெயின்லெஸ், அலுமினிய அண்டா என்றால் அண்டாவும் போச்சு, கரைசலும் போச்சு. புதுக் கரைசலில் முதலில் எண்ணெய் நீக்கிய ஒரு உருண்டை ஸ்டீல் வுல்லைக் கரையவிடுங்கள், இரும்புச் சத்து ஏறினால்தான் நிறம் ஆழமாக வரும். சூடு 88 முதல் 95 டிகிரி. கொதிக்கவிட்டால் அடியில் சேறு தட்டி, அதுவே பாகத்தில் வெள்ளைப் பொடியாக ஒட்டும். நுரை அடங்கினால் எடுத்து, வெந்நீரில் அலசி, சூட்டோடு எண்ணெயில். பேரலும் சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) ரப்பர் அடைப்போடுதான் உள்ளே போக வேண்டும். ஸ்பிரிங் எதையும் போடாதீர்கள், அமிலத்தில் கிளம்பும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பிறகு ஒருநாள் பட்டென்று ஒடியும்.

எண்ணெய்க்கிண்ணம்

பெயின்ட் என்றதும் ஞாபகம். போருக்குப் பின் புதுப்பித்த பிரிட்டிஷ் நம்பர் 4 என்ஃபீல்டு ரைபிள்களில் கறுப்பாக இருப்பது பாஸ்பேட் மேல் அடுப்பில் சுட்ட சன்கோரைட் பெயின்ட். இந்தியாவின் இஷாப்பூர் ஆலை ரைபிள்களிலும் கறுப்புப் பெயின்ட் அடிக்கடி பார்க்கலாம். ஒரு இஷாப்பூர் ரிசீவரில் பெயின்ட் ரிமூவர் போட்டதும் தோல் மாதிரி உரிந்தது, மரத்துக்கு அடியில் மறைகிற இடம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். அந்தக் குழியில் எந்த ப்ளூயிங்கும் நிற்காது. கடைசியில் அதற்கும் பெயின்ட்தான் திரும்ப ஏறியது.