பழைய 1911 என் கையைக் கடித்த கதை (உங்களுக்கும் நடந்திருக்கிறதா?)

ஈசூன்வாசி:
பள்ளி விடுமுறைக்கு டெக்சாஸில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அவரிடம் முதல் உலகப்போர் காலத்து கோல்ட் 1911 கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய சேவையில் எம்16 ரைபிள் தூக்கியவன்தானே, பிஸ்டல் என்ன பெரிய விஷயம் என்று சுடுதளத்தில் வாங்கினேன். மூன்றாவது குண்டிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சுரீர் என்றது. பார்த்தால் தோல் கிழிந்து ரத்தம். "கடிச்சிருச்சா? உங்களுக்குச் சதைப்பிடிப்பான கை, மாப்ளே" என்று மச்சான் சிரிக்கிறார்.

காரணம் எளிதானது. சுட்டதும் ஸ்லைடு (துப்பாக்கியின் மேல்பகுதி) பின்னால் வந்து சுத்தியலை (குண்டை வெடிக்க வைக்க அடிக்கும் பாகம்) மடக்குகிறது. அந்த வேகத்தில் சுத்தியலின் வால் கீழே இறங்குகிறது. அதற்குக் கீழே கிரிப் சேஃப்டியின் (பிடியின் பின்புறம் கை அழுத்தினால்தான் சுட விடும் பாதுகாப்புப் பூட்டு) முனை முதல் 1911-ல் குட்டையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் என் சதை. இந்தத் தொல்லை அப்போதே தெரிந்துதான் 1920களில் திருத்திய வடிவமான 1911ஏ1 வந்தபோது அந்த முனையை நீட்டினார்கள்.

சுத்தியலை அரத்தால் ராவிவிடலாமே என்றேன். மச்சான் முகம் மாறிவிட்டது. நூறு வருஷம் அப்படியே நின்ற பொருள், ஒரு முறை ராவினால் திரும்ப ஒட்டாது, சேகரிப்பவர்களிடம் விலையும் சரிந்துவிடும். நியாயம்தான், என் தோல் ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும்.

அவர் செய்தது இதுதான். பழைய கிரிப் சேஃப்டியைக் கழற்றிப் பெயர் எழுதிய பையில் போட்டுவிட்டு, ஏ1 வகையின் நீண்ட முனை கொண்டதை மாட்டினார். துப்பாக்கியின் சட்டத்தில், அதாவது உடற்பகுதியில், எதையும் வெட்ட வேண்டியதில்லை. (இப்போதைய பந்தயத் துப்பாக்கிகளில் இருக்கும் கிரிப் சேஃப்டியின் அகலமான முனை பலதுக்கும் சட்டத்தை அறுக்க வேண்டும், அது வேண்டாம்.) மாட்டியதும் துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்து, கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் விசையை இழுத்தார். சுத்தியல் விழவில்லை. அதற்குப் பிறகுதான் குண்டு போட்டார். மறுநாள் ஐம்பது குண்டு சுட்டேன், ஒரு கீறல் இல்லை.

பிடோக் பெரியவர்:
தம்பி, என்னைக் கடித்தது வேறு. பிராகில் ஒரு சுற்றுலாச் சுடுதளத்தில் வால்தர் பிபிகே என்ற சின்ன பிஸ்டல். இரண்டு இணைகோடுகள், தண்டவாளம் மாதிரி. அது சுத்தியல் இல்லை, ஸ்லைடின் கீழ் விளிம்பு. காயத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்: ஒரே இடத்தில் கிள்ளினால் சுத்தியல், இரண்டு கோடு என்றால் ஸ்லைடு. நான் கையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தேன், கடி நின்றது. ஆனால் குழல் ரொம்பத் துள்ளியது, குறி எங்கேயோ போனது.

சுவா சூ காங்:
இங்கே கிளப்பில் பாயிண்ட் 22 என்ற சின்னக் குண்டுதான் சுடுகிறேன், கடி இல்லை. வெளிநாட்டில் பழையதைத் தொட்டால் விளையாட்டுக்காரர்கள் ஒட்டும் துணிப் பிளாஸ்டரை அந்தக் கட்டைவிரல் இடுக்கில் இரண்டு சுற்று ஒட்டிக்கொள்வேன். சைக்கிள் கையுறையும் போதும். ஒருவர் கிரிப் சேஃப்டியையே டேப் போட்டு அழுத்திக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள்! பாதுகாப்புப் பூட்டையே எடுத்துவிட்ட மாதிரி. சுத்தியல் வாலுக்கு ரப்பர் மாட்டுவதும் வேண்டாம், அடி பலவீனமாகிவிடும்.

ஈசூன்வாசி:
பிளாஸ்டர் யோசனை அடுத்த முறைக்கு. நல்லவேளை, ஞாபகத்துக்கு, சுட்ட குண்டின் காலி உறை ஒன்றை எடுத்துவரலாமா என்று மகன் கேட்டபோது மறுத்துவிட்டேன். உரிமம் இல்லாமல் காலி உறைகூட சாங்கி விமான நிலையத்தில் சிக்கல்தான், சரியா? அலுவலகத்தில் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து எல்லாரும் கேட்டார்கள். தேங்காய்த் துருவி என்று சொல்லிவிட்டேன். என் மனைவிக்கு அதுதான் இன்னும் கோபம்: "நீங்க என்னைக்குத் தேங்காய் துருவுனீங்க?"