ஸ்ட்ராட் மாடல் கிட்டாரில் ட்ரஸ் ராட் ஓட்டையையே காணோம், எங்கே தேடுவது?

மஞ்சக்குப்பம் லீட்

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்ட்ராட் மாடல் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் வகை) எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். பழைய காலத்து டிசைன். நெக் முழுக்க மேப்பிள் மரம், தனியாக ஃப்ரெட்போர்டு (விரல் அழுத்தும் பலகை) ஒட்டியிருக்காது. ஐப்பசி வரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, நானும் மெல்லிய 9 செட்டைக் கழற்றிவிட்டு, அதைவிடத் தடித்த 10 செட் தந்தி மாட்டினேன். இப்போது நெக் வில் மாதிரி முன்னால் வளைந்திருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் விரல் வலிக்கிறது.

ட்ரஸ் ராடை, அதாவது நெக்குக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியைத் திருகலாம் என்று ஆலன் கீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலையில்) ஓட்டையே இல்லை. தந்தி உட்காரும் நட்டுக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு மரப்பொட்டு மட்டும் இருக்கிறது. ஒரு கடையில் காட்டினேன். "இதுக்கு ராடே கிடையாது, நெக்கை மாத்திடுங்க" என்றார்கள். எனக்கென்னவோ யாரோ ஓட்டையை அடைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அந்தப் பொட்டில் டிரில் போட்டுத் திறக்கலாமா? 3 எம்எம் பிட் கையில் இருக்கிறது.

லாஸ்பேட்டை பேஸ்

முதலில் டிரில்லைக் கீழே வை தம்பி. முத்தியால்பேட்டை அண்ணன் வரட்டும்.

முத்தியால்பேட்டை மரவேலை

வந்துவிட்டேன். பகலில் கதவு, ஜன்னல், கட்டில். கிட்டார் வேலையெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதனால் தாமதம்.

தம்பி, நெக்கைத் திருப்பிப் பின்பக்கம் பார். நடுவில் நீளமாகக் கரும்பழுப்புப் பட்டை ஓடுகிறதா? ஓடினால் உள்ளே ராட் இருக்கிறது. ஒரே மரத்தில் செய்த நெக்கில் முன்பக்கம் திறக்க வழியில்லை. அதனால் பின்னால் பள்ளம் எடுத்து, ராடை வைத்து, வால்நட் மரத்தால் மூடுவார்கள். நீ ஓட்டை போட நினைத்த பொட்டும் அதே வால்நட்தான். ராடின் ஒரு முனையை அங்கே பூட்டி மூடியிருக்கிறது. அங்கே திருகுவதற்கு ஒன்றுமில்லை. திருகும் முனை எதிர்ப்பக்கம், உடம்போடு சேரும் ஹீலில் இருக்கிறது.

ஃபெண்டரில் ராடே இல்லாத காலமும் உண்டு. 1950-ல் வந்த அவர்களுடைய முதல் எஸ்கொயர் கிட்டார்களில் கிடையாது. மேப்பிள் கெட்டி மரம், தாங்கும் என்று விட்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் ராட் வந்துவிட்டது. கிப்சன் கம்பெனி இதற்கு வெகு முன்னாலேயே செய்துவிட்டது. அங்கே வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ 1921-ல் விண்ணப்பித்து 1923-ல் காப்புரிமை வாங்கினார். கிப்சனில் திருகும் இடம் ஹெட்ஸ்டாக்கில், மணி வடிவத் தகட்டுக்கு அடியில் இருக்கும்.

எது நல்லது என்று என்னிடம் கேட்டால், மரக்காரனாக எனக்கு ஹீல்தான். நெக்கில் மிக ஒல்லியான இடம் நட்டை ஒட்டிய கழுத்து. கிப்சனில் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்த இடத்திலேயே ராடுக்காகக் குழியும் தோண்டினால் மிச்சம் என்ன இருக்கும்? என்னிடம் தலை ஒடிந்து வந்தவை எல்லாமே அந்தக் குழியை ஒட்டித்தான் ஒடிந்திருந்தன. ஆனால் வாசிப்பவனுக்குத் தலைப்பக்கம்தான் சுகம். தந்தியைக் கழற்றாமலே கால் சுற்று திருகி, உடனே வாசித்துப் பார்க்கலாம். ஃபெண்டரே 1971-ல் ஸ்ட்ராட்டுக்குத் தலைப்பக்கம் மாறியது, துப்பாக்கிக் குண்டு மாதிரி நட் துருத்திக்கொண்டிருக்கும். (நட் என்றால் கிட்டாரில் இரண்டு: தந்தி உட்காரும் எலும்புத் துண்டு ஒன்று, ராடில் திருகும் இரும்பு ஒன்று. இந்தக் குழப்பத்தில் ஒருவர் எலும்புத் துண்டைத் தட்டிக் கழற்றிக்கொண்டே வந்து நின்றார்.)

உன் வேலைக்கு வருவோம். தந்திகளை நன்றாகத் தளர்த்து. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டுவிட்டால் சுற்று அவிழாது. பின்னால் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி நெக்கை வெளியே எடு. நெக் முனையில் கூட்டல் குறி வெட்டிய நட் தெரியும். ஸ்க்ரூவைத் தளர்த்தி நெக்கைச் சாய்த்தே திருகலாம் என்று சிலர் சொல்வார்கள். நானும் ஒரு தடவை அப்படிச் செய்தேன். திருப்புளி கோணலாக உட்கார்ந்து, கூட்டல் குறி வட்டமாகிவிட்டது, உடம்பின் மேலிருக்கும் பிக்கார்டு தகட்டின் ஓரமும் பெயர்ந்தது. அன்றிலிருந்து முழுசாகக் கழற்றித்தான் செய்கிறேன்.

திருகும் முன் நட்டை போட்டோ எடுத்துக்கொள். அகலமான தட்டைத் திருப்புளியை நேராக அழுத்தி, வலப்பக்கம் கால் சுற்று. அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். திருப்பி மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்று, பழைய மரையில் டக்கென்று விழும். அப்புறம் இறுக்கு. இல்லாவிட்டால் புது மரை வெட்டி, ஓட்டை லூஸாகிவிடும்.

டியூன் பண்ணிவிட்டு அளந்து பார்: முதல் ஃப்ரெட்டில் கேப்போ, நெக் உடம்போடு சேருமிடத்தில் விரல், ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி 0.25 எம்எம் பக்கம் இருந்தால் போதும். டூவீலர் மெக்கானிக்கிடம் டாப்பெட் செட் பண்ணும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய இரும்பு இலைகள்) இருக்கும், அதையே கேட்டு வாங்கு.

லாஸ்பேட்டை பேஸ்

கழற்றவும் வேண்டாம், தலையும் ஒடிய வேண்டாம் என்றால் மியூசிக் மேன் கம்பெனி கிட்டார் மாதிரி சக்கரம்தான். கடைசி ஃப்ரெட்டுக்குக் கீழே பல ஓட்டை போட்ட ஒரு சின்னச் சக்கரம் வெளியே தெரியும். ஓட்டையில் ஒரு கம்பியை விட்டுத் தள்ளினால் முடிந்தது. என் பேஸில் அதுதான். கார்த்திகை மாதம் முழுக்கக் கச்சேரி, இடைவேளையில் டீ ஆறுவதற்குள் சரி பண்ணிவிடுவேன்.

முத்தியால்பேட்டை மரவேலை

அதை ஏன் எல்லோரும் போடவில்லை என்று எனக்கும் கோபம்தான்.

மஞ்சக்குப்பம் லீட்

அண்ணா, பட்டை இருந்தது, நட்டும் இருந்தது! மூன்று நாள், மூன்று தடவை கழற்றி மாட்டினேன். ஏழாவது ஃப்ரெட்டில் இப்போது 0.25 இலை உரசிக்கொண்டு போகிறது. ஸ்க்ரூ டக்கென்று விழுந்ததும் காதில் கேட்டது.

ஆனால் ஒன்று புரியவில்லை. நெக் நேராகிவிட்டது, தந்தி மட்டும் மேல் ஃப்ரெட்டுகளில் முன்பைவிட உயரம். பன்னிரண்டுக்கு அப்புறம் கொடுமை. ராடை இன்னும் இறுக்கட்டுமா?

முத்தியால்பேட்டை மரவேலை

ராடைத் தொடாதே. நெக் உட்காரும் குழியில் ஏதாவது கிடந்ததா? தாள், அட்டை மாதிரி?

மஞ்சக்குப்பம் லீட்

ஆமாம் அண்ணா, பழைய சினிமா டிக்கெட் மாதிரி ஒரு துண்டு, இரண்டாக மடித்தது. குப்பை என்று ஊதித் தள்ளிவிட்டேன்.

முத்தியால்பேட்டை மரவேலை

அது குப்பை இல்லை தம்பி, ஷிம். குழியில் பிரிட்ஜ் பக்கத்து ஓரத்தில் இருந்திருக்கும். நெக்கைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத் தந்தியைத் தாழ்த்துவதற்காக யாரோ வைத்தது. கட்டிலுக்கு அடியில் தேடு. கிடைக்கவில்லையென்றால் கல்யாணப் பத்திரிகை அட்டையில் விரலகலம் வெட்டி அதே ஓரத்தில் வை. நாலாவது தடவை கழற்றத்தான் வேண்டும், வேறு வழியில்லை.