வாஷிங்டன் அருகே தனியார் விமானங்களுக்கு இத்தனை கெடுபிடி தேவைதானா?

மேகவாசி:
ரீகன் தேசிய விமான நிலையத்தில் ஒரு தனியார் விமானம் இறங்க என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். விமானிகள், பயணிகள் பெயர்ப் பட்டியலை 24 மணி நேரம் முன்பே போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ.விடம் கொடுக்க வேண்டும். நேராக வந்து இறங்கவும் முடியாது. அனுமதி பெற்ற வேறொரு விமான நிலையத்தில் ஆட்களையும் பெட்டிகளையும் விமானத்தையும் சோதித்த பிறகே கிளம்பலாம். கூடவே துப்பாக்கி ஏந்திய பாதுகாவலர் ஒருவர், நம் செலவில். இந்த ஏற்பாடே 2005 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன் நான்கு ஆண்டுகள் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

2001 செப்டம்பர் 11 அன்று ராணுவத் தலைமையகமான பென்டகனில் மோதியது எது? வாஷிங்டனின் இன்னொரு விமான நிலையமான டலஸிலிருந்து கிளம்பிய போயிங் 757. டிக்கெட் வாங்கி ஏறியவர்கள் கடத்திய விமானம். ஆனால் பயணிகள் விமானச் சேவை அக்டோபர் 4 அன்றே ரீகனில் மறுபடி தொடங்கிவிட்டது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

காவல்காரன்:
பயணிகள் விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவரையும் சோதிக்கிறார்கள். விமானி அறைக்கு வலுவான கதவு போட்டிருக்கிறார்கள். தனியார் விமானத்தில் அந்தக் கதவு எங்கே? சில நேரம் உரிமையாளரே விமானி. அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சிறிய விமானம் என்ன செய்துவிடும் என்று கேட்க வேண்டாம். 1994 செப்டம்பரில் ஒருவர் செஸ்னா விமானத்தைத் திருடிவந்து வெள்ளை மாளிகைப் புல்வெளியில் மோதினார். 2010 பிப்ரவரியில் ஆஸ்டின் நகரில் ஒருவர் தன் சொந்தப் பைப்பர் விமானத்தை வருமான வரித்துறை அலுவலகம் இருந்த கட்டடத்தில் மோதினார். அவரோடு ஊழியர் ஒருவரும் இறந்தார், கட்டடம் எரிந்தது.

மேகவாசி:
ஐயா, ஆஸ்டினில் நடந்ததை ஒரு லாரியை வைத்தும் செய்திருக்கலாம். லாரி ஓட்டுநர் தலைநகருக்குள் நுழைய 24 மணி நேரம் முன்பே பெயர் கொடுக்கிறாரா?

2015 ஏப்ரலையும் பாருங்கள். ஒருவர் கெட்டிஸ்பர்க்கிலிருந்து ஜைரோகாப்டர் என்ற ஒற்றை ஆள் சிறு வானூர்தியில் கிளம்பி, எந்த அனுமதியும் இல்லாமல், நாடாளுமன்றக் கட்டடத்தின் மேற்குப் புல்வெளியில் வந்து இறங்கினார். உறுப்பினர்களுக்குக் கடிதம் கொண்டுவந்தாராம்! ரேடாரில் அவர் பறவைக் கூட்டம் போலவோ பட்டம் போலவோதான் தெரிந்தார். துணிந்தவர் வந்து சேர்ந்துவிட்டார். விதிப்படி பெயர் கொடுத்தவர் வரிசையில் நிற்கிறார்.

கணக்கர்:
வாடகை விமான நிறுவனம் ஒன்றில் பயண ஏற்பாடுகளைப் பார்க்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது.

மூன்று பேர் ரீகனுக்குப் போக எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாவலரும் வந்துவிட்டார். முந்தைய நாள் இரவு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, “என் வழக்கறிஞரும் வருகிறார்” என்கிறார். பட்டியலில் இல்லாதவர் ஏற முடியாது. கத்துகிறார், கெஞ்சுகிறார், கடைசியில் “சரி, டலஸுக்கே மாற்றுங்கள்” என்கிறார். அதே விமானம், அதே நால்வர், டலஸில் போய் இறங்குகிறார்கள். அங்கே பட்டியலும் இல்லை, பாதுகாவலரும் இல்லை. டலஸிலிருந்து நாடாளுமன்றத்துக்கு ஜெட் விமானம் ஆறேழு நிமிடத்தில் வந்துவிடும். ரீகனுக்கு வந்துபோக ஒரு நாளைக்கு 48 தனியார் விமானப் பறப்புகள்தான் என்ற உச்சவரம்பு வேறு. பூட்டு பெரிது, வேலிதான் திறந்து கிடக்கிறது.

காவல்காரன்:
அந்த ஆறேழு நிமிடம்தான் விஷயமே, கணக்கரே. டலஸில் இறங்க வேண்டிய விமானம் நகரத்தை நோக்கித் திரும்பினால் அந்தத் திருப்பமே எச்சரிக்கை. கட்டுப்பாட்டாளர் கூப்பிட்டுக் கேட்கலாம், பதில் வராவிட்டால் மேலே சொல்லலாம், நாடாளுமன்றத்தைக் காலி செய்யத் தொடங்கலாம்.

ரீகனில் அந்த வாய்ப்பே கிடையாது. நிலையத்திலிருந்து நாடாளுமன்றம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், பென்டகன் அதைவிடக் கிட்டே. வடக்கிலிருந்து இறங்குகிற விமானம் போடோமாக் ஆற்றின் வளைவுகளை ஒட்டியே வருகிறது. இடப்பக்கம் பி-56, அதாவது வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் மேலே உள்ள தடைசெய்யப்பட்ட வான்வெளி. நல்லவனும் கெட்டவனும் ஏறக்குறைய கடைசி நொடி வரை ஒரே பாதையில்தான் வருவார்கள். விலகல் தெரியும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதனால்தான் சோதனையைத் தரையிலேயே முடிக்கிறார்கள்.

மேகவாசி:
இது யோசிக்க வேண்டிய வாதம். ரீகனை விடுங்கள். வாஷிங்டனைச் சுற்றிப் போட்டிருக்கிற 30 கடல் மைல் வான் வளையத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? 2003இல் தற்காலிகம் என்று வந்தது, 2009இல் நிரந்தரமாகிவிட்டது. 18,000 அடிக்குக் கீழே அதற்குள் பறக்கிற எவரும் பயணத் திட்டம் பதிவு செய்ய வேண்டும், தனிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும், வானொலித் தொடர்பில் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் எல்லோரும் வைக்கிற 1200 என்ற எண்ணை இங்கே டிரான்ஸ்பாண்டரில், அதாவது ரேடாருக்கு விமானத்தின் குறியீட்டு எண்ணைச் சொல்லும் கருவியில், வைத்தாலே தப்பு. உள்வளையத்தில் இருக்கிற காலேஜ் பார்க் நிலையத்தில் பறக்க விமானி முன்கூட்டியே கைரேகை கொடுத்து, பின்னணி விசாரணை முடித்து, தனக்கென ரகசிய எண் பெற்றிருக்க வேண்டும். 1909இல் வில்பர் ரைட் ராணுவ அதிகாரிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த இடம் அது.

காவல்காரன்:
2005 மே 11 மறந்துவிட்டதா? பென்சில்வேனியாவிலிருந்து வந்த செஸ்னா 150 வெள்ளை மாளிகைக்கு மூன்று மைல் வரை வந்துவிட்டது. நாடாளுமன்றத்தில் எல்லோரும் ஓடினார்கள். போர் விமானங்கள் எரிபந்து வீசித் திருப்பின.

மேகவாசி:
மறக்கவில்லை. அவர்கள் வழி தவறியவர்கள். வளையம் இதுவரை பிடித்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தைக் காலி செய்ய வைத்தது யார் தெரியுமா? பேஸ்பால் மைதானத்தில் பாராசூட் சாகசம் காட்ட வந்த ராணுவ விமானம். அது வருகிறது என்று நாடாளுமன்றப் போலீசுக்கு யாரும் சொல்லவில்லை!

பார்வையாளர்:
2025 ஜனவரியில் ரீகன் அருகே வானில் நடந்த மோதலில் 67 பேர் இறந்தார்கள். ரீகன் வான்வெளி ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. பாதுகாப்பைப் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வந்தாலும், நெரிசலுக்காகவாவது தனியார் விமானங்களை வெளியே வைப்பதுதான் நல்லது.

மேகவாசி:
பயணிகள் விமானத்தோடு மோதியது ராணுவ ஹெலிகாப்டர். தன் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சமிக்ஞை அதிலிருந்து வரவில்லை. அதற்கு நாங்கள் வெளியே போக வேண்டுமா?

கணக்கர்:
பட்டியலுக்கு 24 மணி நேரம் என்பதை நான்காகக் குறைத்தாலே என் தலைவலியில் பாதி போய்விடும். கணினியில் பெயர் சரிபார்க்க ஒரு நாள் எதற்கு?

காவல்காரன்:
பட்டியல் நேரத்தைக் குறைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பாதுகாவலரை மட்டும் இறக்கச் சொல்லாதீர்கள்.

மேகவாசி:
இருக்கட்டும். காப்பது தலைநகரை என்றால் அவருடைய கூலியை அரசு கொடுக்கட்டும்.

காவல்காரன்:
சொந்த ஜெட்டில் வருகிறவருக்கு வரிப்பணத்தில் காவலா? அதற்கு முதலில் நாடாளுமன்றத்தில் ஓட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.