டெர்மினலில் ஜேசன், சிஎஸ்வி முன்தோற்றம்: அடுக்கிக் காட்டுறதா, இருக்கிறபடியே காட்டுறதா?

உப்புவெளியான்:
டெர்மினலில் ஓடுற கோப்பு மேலாளரான ரேஞ்சரில் ஜேசன், சிஎஸ்வி எண்ட தரவுக் கோப்புகளை அடுக்கித்தான் காட்டவேணும். ஒரே வரியில் நெருக்கி எழுதின ஜேசனை வலப்பக்கத்தில் அப்படியே கொட்டினால் ஆருக்கும் ஒண்டும் விளங்காது. முன்தோற்றத்தைத் தயாரிக்கிற ஸ்கோப் ஸ்கிரிப்டிலேயே வழி இருக்கு: ஜேசனை வாசிச்சு அடுக்கி எழுதுற ஜேக்யூ சரியாய் ஓடினால், ஸ்கிரிப்ட் 5 எண்ட குறியீட்டோடு (முன்தோற்றம் ஆயத்தம் எண்டு ரேஞ்சருக்குச் சொல்லுற எண்) வெளியேறும். ஜேக்யூவைக் கட்டாயம் நிறுவுங்கோ. இல்லாட்டி பைத்தனின் ஜேசன் டூலுக்குப் போகும். அது தமிழ் எழுத்தெல்லாத்தையும் பின்சாய்கோடும் யூனிகோட் எண்ணுமாய் மாத்திப்போடும், "மூதூர்" எண்டதைக்கூட வாசிக்க ஏலாது. பைத்தன் 3.9 எண்டால் "நோ என்ஷுவர் ஆஸ்கி" தெரிவைச் சேர்க்கலாம்.

துறைமுகவீதி:
தம்பி, ஜேக்யூ காட்டுறது தான் வாசிச்சு விளங்கிக்கொண்டதை. கோப்பில் கிடக்கிறது வேறயாய் இருக்கலாம். 1.6 பதிப்பில் 9007199254740993 எண்ட இலக்கம் 9007199254740992 எண்டு தெரியும், ஏனெண்டால் எண்களை மிதவைப்புள்ளியாய் (மிகப் பெரிய எண்ணில் துல்லியம் குறையிற வடிவம்) வைக்குது. ஐடி ஒண்டு இப்பிடி மாறினால் வேற ஆளின்ர பதிவைத்தான் தேடுவீங்கள். 2023இல் வந்த 1.7 இதைத் திருத்தியிருக்கு. ஆனால் ஒரே கீ (மதிப்புக்கு முன்னால வாற பெயர்) ரெண்டு தரம் வந்தால் இப்பவும் கடைசியை மட்டும்தான் காட்டும். கோப்பில் பிழை தேடுற ஆளுக்கு அந்தப் பிழையே மறைஞ்சுபோகும்.

சிஎஸ்வி இன்னும் மோசம். நிரல்களாய் அடுக்கிற கொலம் கட்டளைக்குப் பிரிகுறியாய்க் கமாவைக் குடுத்தால், மேற்கோளுக்குள் இருக்கிற "உவர்மலை, திருகோணமலை" ரெண்டாய்ப் பிரிஞ்சு, பிறகு வாறதெல்லாம் ஒரு நிரல் தள்ளிப்போகும்.

உப்புவெளியான்:
அண்ணை, கொலத்தை விடுங்கோ, சிஎஸ்வி வாசிக்கிற மில்லர் எண்ட கருவி மேற்கோளை மதிக்கும். ஐசிஎஸ்வி (சிஎஸ்வியாய் வாசி), ஓபிபிரிண்ட் (நிரலாய் அடுக்கி எழுது) தெரிவுகளோட, முதல் 50 பதிவை மட்டும் எடுக்கிற ஹெட் 50 போதும். 026இல் தொடங்கிற தொலைபேசி இலக்கத்தின் பூச்சியமும் அப்படியே நிக்கும். வெறுமையான இடத்தில் ஒரு சிறுகோடு போடும், அவ்வளவுதான்.

துறைமுகவீதி:
அந்தச் சிறுகோடு கோப்பிலேயே இருந்தால் எப்படிப் பிரிச்சு அறியிறது? தமிழ்ப் பெயர் வந்தால் நிரலும் கோணலாகும்; ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் எண்டதை மில்லர் ஒருவிதமாயும் டெர்மினல் வேறவிதமாயும் எண்ணும்.

கிண்ணியாக்கரை:
ரெண்டு பேரும் கோப்பின் அளவைக் கதைக்கவே இல்லை. ஜேக்யூ முழு ஆவணத்தையும் நினைவகத்தில் ஏத்தின பிறகுதான் எழுதும். 200 எம்பி ஜேசன் மேல கர்சர் நிண்டாலே கணினி திணறும். தொடக்கத்தை மட்டும் எடுக்கிற ஹெட் கட்டளையால் வெட்டி அனுப்பவும் ஏலாது, பாதி ஜேசனைக் கண்டால் ஜேக்யூ பிழையெண்டு நிண்டுபோகும். ஸ்கிரிப்டில் முதலில் ஸ்டாட் கட்டளையால் கோப்பின் அளவைப் பாருங்கோ; 1 எம்பிக்கு மேல எண்டால் முதல் 4000 பைட்டை இருக்கிறபடியே காட்டி, 0ஓடு வெளியேறட்டும். வரிக்கொரு ஜேசன் வைக்கிற கோப்புக்கு மட்டும் ஹெட்டால் 20 வரி எடுத்து ஜேக்யூவுக்குக் குடுக்கலாம்.

இன்னொண்டு: இதே ஸ்கிரிப்டை எல்எஃப் எண்ட இன்னொரு கோப்பு மேலாளருக்குக் கொண்டுபோறவை 5ஐ 0 ஆக்கவேணும். அங்க பூச்சியம் இல்லாத எந்தக் குறியீடும் தேக்ககத்தை (முன்தோற்றத்தைச் சேமிச்சு வைக்கிறதை) நிறுத்திப்போடும், ஒவ்வொருதரமும் ஸ்கிரிப்ட் திரும்ப ஓடும்.

உப்புவெளியான்:
அளவு வரம்பை ஏற்கிறன். ஆனால் 1 எம்பிக்குள்ள இருக்கிறதை அடுக்கித்தான் காட்டுவன். கோப்பின் மூலத்தை இருக்கிறபடியே பார்க்க ஒரு விசை வைச்சால் சரி.

துறைமுகவீதி:
நான் மறுபக்கமாய் வைப்பன்: தானாய் வாறது மூலம், கேட்டால் வாறது ஜேக்யூ. ரேஞ்சரின்ர அமைப்புக் கோப்பான ஆர்சி கொன்ஃபில் ஒரு விசைக்கு ஷெல் கட்டளையைப் பி கொடியோட (-p) கட்டினால் வெளியீடு பக்கம் பக்கமாய்க் காட்டுற பேஜரில் திறக்கும். கர்சர் நிக்கிற கோப்பைக் குறிக்க எஃப் மாறியை (%f) குடுங்கோ.