நான்கு வீட்டை நாற்பதாக்கும் கடன்: வளர்க்குமா, கவிழ்க்குமா?

நாலுவீட்டுக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விடுவது, உயர்ந்த மதிப்பைக் காட்டி மறுகடன் பெறுவது, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டை வாங்குவது என்ற வழியில் நான்கு வீடுகள் சேர்த்திருக்கிறேன். இதே வழியில் பத்தாண்டுகளில் நாற்பதை எட்ட முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வளர்மதி:
முடியும் ஐயா. நான்கைந்து வீடுகளோடு நின்றுவிடுபவர்களில் பலர் பணம் தீர்ந்து நிற்பதில்லை. வீடு தேடுவது முதல் வாடகை வசூல், பழுது, கணக்கு வரை அனைத்தையும் தம் தலையிலேயே போட்டுக்கொள்வதால் நிற்கிறார்கள். பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2012இல் தொடங்கிய இன்விடேஷன் ஹோம்ஸ், அமெரிக்காவில் தனி வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டே ஏறத்தாழ 80,000 வீடுகளைக் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. கண்ட இடத்தில் வாங்காமல், தேர்ந்தெடுத்த சில நகரங்களில் நெருக்கமாக வாங்கியதுதான் அதில் நாம் கற்க வேண்டியது. ஒரே வட்டாரத்தில் பத்து வீடுகள் இருந்தால் ஒரே பணிக்குழு போதும். பத்து ஊர்களில் ஒவ்வொன்றாக இருந்தால் பத்துக் குழுக்கள் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
வளர்மதி அவர்கள் சொன்ன எடுத்துக்காட்டை நான் மறுக்கிறேன். அந்த வீடுகளில் பல, 2008 நிதி நெருக்கடிக்குப் பின் விலை அடிமட்டத்தில் கிடந்தபோது பெருமுதலீட்டாளர்களின் பணத்தில் வாங்கப்பட்டவை. நாலுவீட்டுக்காரர் வாங்கப்போவதோ தம் வீட்டின் மேலேயே பெற்ற கடனில். ஒரு வீட்டின் முழு வாடகை 100 என்று கொள்வோம். ஆளில்லாத மாதங்களுக்கு 8, வரிக்கும் காப்பீட்டுக்கும் 15, பழுதுக்கு 12, நிர்வாகத்துக்கு 10 போனால் மிஞ்சுவது 55. கடன் தவணை 44 என்றால் அதைப்போல் 1.25 மடங்கு வரவு இருக்கிறது, மூச்சுவிடலாம். வட்டி ஏறித் தவணை 53 ஆனால் கையில் நிற்பது 2 மட்டுமே. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதத்துக்குள் வைத்திருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதமாக உயர்த்தியது. மாறும் வட்டியில் அடுக்குமாடிக் கட்டடங்களை வாங்கிக் குவித்த பலர், குடியிருப்பவர்கள் ஒழுங்காக வாடகை கட்டியும் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள்.

சாவிக்கொத்து:
என்னிடம் பதினோரு வீடுகள் உள்ளன. ஆறாவது வீட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரு மேலாளரிடம் ஒப்படைத்தேன். ஒரு வீட்டின் படுக்கையறைச் சுவரில் வண்ணம் உப்பி உதிர்வதாகப் புகார் வந்தது; ஆள் அனுப்பிச் சுரண்டிப் பூசினார்கள். மூன்று மாதத்தில் மறுபடியும் வந்தது, மறுபடியும் பூசினார்கள். இரண்டு முறையும் "முடிந்தது" என்று பதிவானது. நானே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தபோது சில்லென்று ஈரம் ஒட்டியது. மறுபக்கத்துக் குளியலறையின் ஓடுகளை உடைத்துப் பார்த்தால், குழாய் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி அடிச்சுவர் வரை ஊறியிருந்தது. எட்டு மாத வாடகை அந்த ஒரு சுவரில் போனது. தூரத்தில் இருந்துகொண்டு கணக்கேட்டைப் பார்த்து வீடு நடத்த முடியாது என்பதே என் கருத்து.

வளர்மதி:
உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே தவறியது பெருக்கம் அல்ல, விதி. ஒரே புகார் 90 நாளுக்குள் மறுபடியும் வந்தால் முதலில் சரிசெய்தவர் அல்லாத வேறொருவர் நேரில் பார்க்க வேண்டும், வேலை முடிந்ததற்குப் படம் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தால் இரண்டாம் பூச்சுக்கு முன்பே கசிவு பிடிபட்டிருக்கும். அந்த விதியை எழுதிவிட்டால் பதினோரு வீட்டுக்கும் அதுதான், நூற்றுப்பத்து வீட்டுக்கும் அதுதான்.

சாவிக்கொத்து:
அந்த விதியை ஏற்கிறேன். இன்றே என் மேலாளரிடம் சொல்கிறேன். ஆயினும் வாங்கும் இடத்தில் விதி மட்டும் போதாது. அமெரிக்காவில் இணையவழி வீட்டுச் சந்தை நடத்தும் ஜில்லோ நிறுவனம் கணினிக் கணிப்பைக் கொண்டு வீடுகளை வாங்கி விற்றது; விலையைச் சரியாகக் கணிக்க முடியாமல் 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்து, ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் குறைக்க முடிவு செய்தது.

வளர்மதி:
அது சில மாதங்களில் விற்று லாபம் பார்க்கும் தொழில். வாடகைக்கு வைத்திருப்பவரை விலை ஏற்ற இறக்கம் அந்த அளவுக்கு உலுக்காது.

கணக்குப்பிள்ளை:
மறுகடனை நம்பி வளர்பவரை உலுக்கும், அம்மா. வங்கியின் மதிப்பீட்டாளர் எதிர்பார்த்ததைவிடக் குறைத்து மதிப்பிட்டால் போட்ட பணம் வீட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடுத்த வீடு அங்கேயே நின்றுவிடும்.

நாலுவீட்டுக்காரர்:
கணக்குப்பிள்ளை ஐயா காட்டிய முறையில் என் நான்கு வீடுகளுக்கும் கணக்குப் போட்டேன். மூன்று வீடுகள் 1.3க்கு மேல் நிற்கின்றன. மூன்றாவதாக வாங்கியது மட்டும் 1.08. பழுதுக்கென்று இதுவரை தனியாக எதுவும் ஒதுக்காததால் எனக்கு அது தெரியவே இல்லை. ஐந்தாவது வீட்டுக்கான பேச்சை நிறுத்திவைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
நல்லது. கடன் பத்திரத்தை எடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள். மூன்றாம் வீட்டின் வட்டி நிலையானதா, மாறுவதா? அந்தக் கடனுக்கு அந்த வீடு மட்டும் ஈடா, மற்ற மூன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா? சேர்த்து எழுதியிருந்தால், அந்த ஒன்றில் தவணை தவறும்போது நன்றாக ஓடும் மூன்றின் மேலும் கைவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு.