ஒரே பீரோ, நாலு பேர் துணி: எப்படி மடிக்கிறீங்க?

கேள்வி:
வாடகை வீடு, ஒரே பீரோ. என் 11 பட்டுப்புடவையே ஒரு தட்டை விழுங்கிடுது. அடியிலிருந்து ஒரு சுடிதாரை உருவினா மொத்த அடுக்கும் சரியுது. பையனோட டி-ஷர்ட் கதையைச் சொல்லவே வேண்டாம்.

பதில் 1:
டி-ஷர்ட்டை அடுக்காதீங்க, நிறுத்துங்க. ரெண்டு ஓரத்தையும் உள்ளே மடிச்சு, நீளத்தைப் பாதியாக்கி, அதை மறுபடி மூணா மடிச்சா தானா நிக்கும். ஷூ வந்த அட்டைப்பெட்டியில் புத்தகம் மாதிரி வரிசையா வைங்க. ஒண்ணை எடுத்தா பக்கத்தில் இருக்கிறது அசையாது.

பதில் 2:
சுடிதார் செட்டுக்கு: பேன்ட்டையும் துப்பட்டாவையும் டாப்புக்குள்ளேயே வெச்சு மடிச்சிடுங்க. காலையில் தேடற வேலை மிச்சம்.

பதில் 3:
பட்டை மட்டும் இறுக்கி அமுக்காதீங்கம்மா. என் கூறைப்புடவை ஆறு வருஷம் ஒரே மடிப்பில் கிடந்து, மடிப்பு விழுந்த இடத்திலேயே கோடு போட்ட மாதிரி ஜரிகை விட்டுப்போச்சு. இன்னும் மனசு ஆறலை. மூணு மாசத்துக்கு ஒருதரம் பிரிச்சு, மடிப்பை மாத்துங்க. பழைய பருத்தி வேட்டியில் சுத்தி வைங்க. பாச்சை உருண்டை ஜரிகையில் படவே கூடாது.

கேட்டவர்:
ஷூ பெட்டியில் 8 டி-ஷர்ட் நின்னுடுச்சு! பையன் ஒண்ணை எடுத்துப் பார்த்துட்டு சுருட்டித் திணிச்சுட்டுப் போறான். அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.